குமுளிக்கு மேலேயும் கீழேயும்: வீட்டு வன்முறைக்கு ஆளாகும் பெண்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள். பீருமேடு, வண்டிப்பெரியார், உடும்பஞ்சோலைப் பக்கத்து லயங்களில், அதாவது எஸ்டேட்டின் தொழிலாளர் வரிசை வீடுகளில், தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் தமிழ்க் குடும்பங்கள். தேனி மாவட்டத்தில் பிறந்து இடுக்கி மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். சட்ட உதவித் தன்னார்வலராக இவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய்வரும்போது என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. குமுளி எல்லைக்குக் கீழே தமிழ்நாடு, மேலே கேரளம். உதவி செய்ய வேண்டிய அலுவலகங்கள் இரண்டு மாநிலத்திலும் இருக்கின்றன. அடிபட்ட பெண்தான் அவற்றையெல்லாம் தேடி அலைய வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பதுதான் கொடுமை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கதவைத் தட்டினால் போதும், மற்றக் கதவுகளைத் திறந்துவிட வேண்டியது அரசாங்க அலுவலரின் கடமை.

இந்த நிமிடம் அடி விழுந்துகொண்டிருக்கிறது. யாரைக் கூப்பிடுவது?

112. இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான். போலீஸ், ஆம்புலன்ஸ் இரண்டையும் அதிலேயே கேட்கலாம். பேசக் கிடைப்பது அரை நிமிடம்தான் என்றால் எஸ்டேட்டின் பெயர், டிவிஷன், லயத்தின் எண், பக்கத்தில் இருக்கும் கோவில் அல்லது கடை, இவற்றை முதலில் சொல்லுங்கள். பெயரும் காரணமும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். மலைச் சாலையில் வண்டி வந்து சேர நேரமாகும். அதுவரை சமையலறையிலும் குளியலறையிலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்றில் கத்தியும் அடுப்பும் இருக்கும், மற்றதில் வெளியேற வழி இருக்காது. வாசலுக்கு வாருங்கள், பக்கத்து வீட்டை நோக்கிச் சத்தம் போடுங்கள். மானம் போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொள்வதால் காப்பாற்றப்படுவது அடிக்கிறவரின் மானம் மட்டுமே.

ஆபத்து கடந்த பிறகோ, ஆபத்து வரும் என்று பயப்படும்போதோ 181. இது பெண்கள் உதவி எண், நாள் முழுவதும் இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தனித்தனியே நடத்துகிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுப் பக்கம் செல்போன் கோபுரம் மாறிக்கொண்டே இருப்பதால் சில நேரம் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம். பதறிப்போய்த் துண்டிக்க வேண்டாம். நீங்கள் இருக்கும் மாவட்டத்தைச் சொல்லி, அந்த மாவட்ட மையத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1098, இலவச வக்கீல் வேண்டுமென்றால் 15100.

அடித்தால்தான் வன்முறையா? என் கணவர் கைநீட்டுவதில்லை, ஆனால் சம்பளத்தை முழுக்கப் பிடுங்கிக்கொள்கிறார்.

அதுவும் வன்முறைதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடலால் செய்வது, பாலியல் ரீதியாகச் செய்வது, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பணத்தால் நெருக்குவது ஆகிய நான்கையும் அது வன்முறை என்கிறது. சம்பளத்தைப் பறிப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, அரிசி பருப்புக்குக் காசு தராமலிருப்பது, உங்கள் நகையைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாம் நான்காவது வகையில் வரும். பெண் பிள்ளையாகவே பெறுகிறாய் என்று நாள்தோறும் குத்திக்காட்டுவது மூன்றாவது வகை.

எங்கள் திருமணம் எங்கும் பதிவாகவில்லை. என் அம்மாவை என் அண்ணன் அடிக்கிறான். இதற்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். ஒரே வீட்டில் உறவுமுறையில் வாழும், அல்லது முன்பு வாழ்ந்த எந்தப் பெண்ணும் கேட்கலாம். மனைவி, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்பவர், தாய், மகள், சகோதரி, விதவையான மருமகள் எல்லோரும் இதில் அடக்கம். எதிராளி ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கிவிட்டது. எனவே கொடுமை செய்யும் மாமியார் மீதும் நாத்தனார் மீதும் மனு போடலாம். வயதான தாய்க்கு 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மகனிடம் மாதாந்தரப் பணம் கேட்கும் வழியும் தனியாக இருக்கிறது.

நான் கூடலூர்க்காரி. கணவர் வீடு வண்டிப்பெரியாரில். அடிதாங்காமல் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். வழக்குப் போட அந்த ஊருக்கேதான் திரும்பிப் போக வேண்டுமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கான பதில் தெரியாமல் எத்தனையோ பெண்கள் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி நீங்கள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் இடம், நீங்கள் வேலை பார்க்கும் இடம், அவர் தங்கியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடம், கொடுமை நடந்த இடம், இவற்றில் எதன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் மனுப் போடலாம். 'தற்காலிகமாக' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அம்மா வீட்டில் அடைக்கலமாக வந்து தங்கியிருந்தாலே போதும். அதாவது கூடலூரில் இருந்துகொண்டு உத்தமபாளையம் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம், அல்லது பீருமேட்டில் கொடுக்கலாம். வீடு கீழே, வேலை மேலே என்றிருக்கும் பெண்ணுக்கும் இந்தத் தேர்வு உண்டு. எந்த ஊர் உங்களுக்குப் பயமில்லாமல் போய்வரக்கூடியது, எந்த ஊர் நீதிமன்றத்துக்குக் கூலி இழப்பு குறைவு என்று பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்த சந்தேகம், தமிழ்நாட்டு உத்தரவு கேரளத்தில் செல்லுமா என்பது. செல்லும். அதே 27ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் பிறப்பித்த உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. அவர் சோதனைச்சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டால் உத்தரவு காகிதமாகிவிடாது. நோட்டீஸைக் கொண்டுபோய் அவரிடம் சேர்ப்பிப்பதும் உங்கள் வேலையன்று, இந்தச் சட்டப்படி மாவட்டந்தோறும் இருக்கும் பாதுகாப்பு அலுவலரின் வேலை.

போலீஸ் புகாரும் அப்படியே. கணவர் வீட்டில் நடந்த கொடுமைக்கு, அங்கிருந்து துரத்தப்பட்ட பெண் தான் தஞ்சம் புகுந்த ஊரிலேயே புகார் தரலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ரூபாலி தேவி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'சம்பவம் கேரளாவில் நடந்தது, அங்கே போய்க் கொடு' என்று எந்த ஸ்டேஷனில் சொன்னாலும் இந்தத் தீர்ப்பை நினைவூட்டுங்கள்.

எத்தனை ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும்? ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காதா?

கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் 2015 ஏப்ரல் 1 முதல் சகி என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. தேனி மாவட்டத்திலும் இடுக்கி மாவட்டத்திலும் இருக்கின்றன. சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, போலீசில் புகார் பதிவு செய்ய உதவுவது, மனநல ஆலோசனை, வக்கீல் ஏற்பாடு, ஐந்து நாள்வரை தங்கிச் சாப்பிட இடம் எல்லாம் அங்கே இலவசம். 181க்குப் பேசினால் அந்த மையத்தோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். ஐந்து நாளுக்கு மேல் தங்க வேண்டுமானால் சக்தி சதன் போன்ற காப்பகத்துக்கு அனுப்புவார்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் வயது வரம்பு உண்டு என்பதால் முதல் பேச்சிலேயே பிள்ளையின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது கதவு பாதுகாப்பு அலுவலர். தமிழ்நாட்டில் சமூக நலத் துறையின் கீழும் கேரளத்தில் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் கீழும் மாவட்டந்தோறும் இருக்கிறார். இவர் செய்ய வேண்டியவை பலருக்கும் தெரிவதில்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டு முதல் படிவத்தில் குடும்ப வன்முறை அறிக்கை எழுதுவார். எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன செய்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அடித்தாரா, கடித்தாரா, உதைத்தாரா, தள்ளினாரா என்று அந்தப் படிவமே வரிசையாகக் கேட்கும். சொல்லக் கூச்சமான பாலியல் கொடுமையும் அதில் ஒரு கேள்வியாகவே இருப்பதால் நீங்களாக ஆரம்பிக்கத் தேவையில்லை. கூடவே ஐந்தாம் படிவத்தில் உங்கள் பாதுகாப்புத் திட்டத்தையும் எழுதுவார். தங்க இடம் பிடித்துத் தருவது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, மாஜிஸ்திரேட்டுக்கு மனு எழுத உதவுவது, உத்தரவான பணம் வந்து சேர்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவரது சட்டக் கடமைகள். தகுந்த காரணமின்றி நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றத் தவறினால் அவருக்கே ஓராண்டுவரை சிறை என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

ஆனால் அறிக்கை இல்லாமல் மனுவே போட முடியாது என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அறிக்கை கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறிவிட்டது. நேரே மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம்.

கேரளப் பக்கத்தில் இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. கேரள அரசின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீ நடத்தும் சிநேகிதா உதவி மையத்தில் ஆலோசனையும் தற்காலிகத் தங்குமிடமும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பூமிகா மையம் இருக்கிறது. கிராமப் பஞ்சாயத்தில் ஜாக்ரதா சமிதி என்னும் கண்காணிப்புக் குழு இருக்கிறது. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில்) இருக்கும் ஒரு அக்காவிடம் சொன்னால்கூடச் செய்தி மேலே போய்விடும். தமிழ்நாட்டுப் பக்கம் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதல் இருக்கின்றன.

எந்த வாசலில் நுழைந்தாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: உங்கள் வழக்கைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளப்போகும் ஒருவரின் பெயரும் போன் எண்ணும். நடந்த கொடுமையை ஆறு பேரிடம் ஆறு முறை சொல்ல வைப்பதும் ஒருவகை வதைதான். முதல் முறை எழுதியதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது அதை நீட்டுங்கள்.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க வராது. கேரள அலுவலகத்தில் தமிழில் மனுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையைத் தருகிறது. நடைமுறையில் அங்கிருப்பவர் நீங்கள் சொல்வதைக் கேட்டு மலையாளத்தில் எழுதிக்கொள்வார். அப்போது அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதியதை வரிக்கு வரி வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் போடுங்கள். 'அடித்தார்' என்று நீங்கள் சொன்னது 'வாக்குவாதம் ஏற்பட்டது' என்று எழுதப்பட்டிருந்தால் வழக்கின் பாதி பலம் அங்கேயே போய்விடும்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமே.

உண்மையைச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கம்பம் அரசு ஆஸ்பத்திரிக்கோ பீருமேடு தாலுக்கா ஆஸ்பத்திரிக்கோ காயத்தோடு போனால் பணியிலிருக்கும் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். தமிழ்நாட்டில் அதை ஏ.ஆர். என்பார்கள், கேரளத்தில் காயச் சான்றிதழ். 'தெரிந்த நபர் ஒருவரால், விறகுக் கட்டையால், இரவு சுமார் 9 மணிக்கு, தன் வீட்டில் வைத்துத் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்' என்று ஒரே வரிதான். அதற்குக் கீழே காயத்தின் நீளம், இடம், நிறம். பக்கத்திலேயே கணவரோ மாமியாரோ நின்றுகொண்டிருப்பார்கள். பெண், 'வழுக்கி விழுந்துவிட்டேன்' என்பார். பதிவேட்டிலும் அதுவே ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் நீதிமன்றத்தில் எடுத்து வாசிப்பார்.

ஆகவே, 'டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்' என்று நர்சிடம் சொல்லுங்கள். கூட வந்தவர் வெளியே போன பிறகு சொல்லுங்கள். போலீசில் புகார் தரவில்லை, அறிக்கை எழுதவில்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகள் அதைத் தெளிவாகத் தடுக்கின்றன. மருத்துவ அறிக்கையின் நகலும் இலவசம். முன்பு ஒருமுறை விழுந்துவிட்டதாகச் சொல்லியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அடுத்த முறை போகும்போது 'அன்றைக்கும் அடித்ததுதான், பயத்தில் மாற்றிச் சொன்னேன்' என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

காயம் வெளியே தெரியவில்லையே என்று போகாமலும் இருக்காதீர்கள். கழுத்தை நெரித்திருந்தால் தடமே இல்லாமலும் ஆபத்து இருக்கலாம். குரல் கம்மினாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ தலை சுற்றினாலோ உடனே 108. கழுத்தை நெரிக்கத் துணிந்த கை அடுத்து எதற்கும் துணியும். தோழிகள், தாய்மார்கள் இதைக் கேள்விப்பட்டால் இரவென்றும் பாராமல் அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

ஸ்டேஷனில் 'இது குடும்பச் சண்டை, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிட்டார்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். எண் இல்லாமல் வெளியே வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் இடத்தில், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள் இருக்கின்றன. கணவரோ அவரது உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவரது இரத்த உறவினரும் புகார் தரலாம். எல்லைக்கு வெளியே நடந்ததானாலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியும் மறுத்தால் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள்.

எல்லோரும் கிரிமினல் வழக்குப் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் அவரை ஜெயிலுக்கு அனுப்புவதல்ல, உங்களுக்கு உடனடிப் பாதுகாப்புத் தருவது. 'அவர் உள்ளே போய்விட்டால் வருமானம்?' என்று தயங்கும் பெண்கள் இந்த வழியை மட்டும் எடுக்கலாம். இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம். எதை எடுப்பது என்பது உங்கள் முடிவு, வக்கீலின் முடிவோ சங்கத் தலைவரின் முடிவோ அல்ல.

லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம், அவர் பெயரில் ஒதுக்கியது. வெளியே போ என்றால் போகத்தானே வேண்டும்?

போக வேண்டியதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் உங்களுக்கு உரிமைப் பத்திரம் இல்லாவிட்டாலும் வசிக்கும் உரிமை உண்டு என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. சொந்த வீடு, வாடகை வீடு, அவருக்கு ஏதாவது உரிமையுள்ள வீடு எல்லாம் அதில் வரும். மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாஜிஸ்திரேட் உங்களை வெளியேற்றத் தடை விதிக்கலாம், கணவரையே வீட்டைவிட்டு விலகியிருக்கச் சொல்லலாம், அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ தரச் சொல்லலாம். மாமியார் போன்ற பெண்களை வீட்டைவிட்டு வெளியேற்ற மட்டும் உத்தரவிட முடியாது.

நீங்களும் அதே எஸ்டேட்டில் பதிவுபெற்ற தொழிலாளியானால் உங்கள் பெயரிலேயே வீடு ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். நீதிமன்ற உத்தரவு நகலையும் இணையுங்கள். 2015இல் மூணாறில் பெம்பிளை ஒருமை என்று திரண்ட தோட்டப் பெண்கள் கூலி உயர்வோடு இந்த லயங்களின் நிலையையும் சேர்த்துத்தான் பேசினார்கள். ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு குடும்பங்கள். அடி விழும் சத்தம் வரிசை முழுக்கக் கேட்கும். சாட்சி இல்லை என்று லயத்தில் யாரும் சொல்ல முடியாது.

பணம் எப்படிக் கிடைக்கும்?

அதே மனுவிலேயே கேட்கலாம்: வைத்தியச் செலவு, கூலி இழப்பு, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தரத் தொகை, பறித்த நகையும் சீர்ப் பொருள்களும் திரும்ப, மனவேதனைக்கு இழப்பீடு. வழக்கு நடக்கும்போதே இடைக்கால உத்தரவும் கேட்கலாம். ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம்.

உத்தரவு வந்தும் அவர் தராவிட்டால்? 20ஆம் பிரிவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு வழி இருக்கிறது. அவருக்கு வேலை கொடுப்பவரே சம்பளத்தில் பிடித்து நேராக உங்களிடம் தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் ஆணையிடலாம். எஸ்டேட் ஆபீசில் சம்பளப் பட்டியல் இருக்கும்போது 'என்னிடம் காசில்லை' என்ற பேச்சு எடுபடாது. மனுவில் எஸ்டேட்டின் பெயரையும் அவரது தொழிலாளர் எண்ணையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

அவருக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருக்கும் பழைய கணக்கில் உத்தரவுப் பணம் வந்து விழுந்தால் பயனில்லை.

பிள்ளைகள் படிப்பு? டி.சி. தரக்கூடாது என்று அவர் பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறார்.

டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் சேர்க்கை மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மாநிலம்விட்டு மாநிலம் மாறினாலும் இது பொருந்தும். கூடலூரில் தங்கியிருக்கும் பிள்ளையை மறுநாளே அங்கே சேர்க்கலாம். மேலே வண்டிப்பெரியார், பீருமேடு பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் இருப்பதால் திரும்பிப் போனாலும் படிப்பு கெடாது. பிள்ளை உங்களிடம் இருக்க 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் தற்காலிகப் பொறுப்பு உத்தரவு வாங்கி, நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மாலை அப்பா வந்து கூட்டிப் போய்விடுவார், பள்ளியால் தடுக்க முடியாது.

பிள்ளை அடி வாங்காவிட்டாலும் பார்த்திருக்கிறது. தூக்கத்தில் சிறுநீர் கழிப்பது, பேச்சைக் குறைத்துக்கொள்வது, தம்பியை அடிப்பது என்று அது வெளிப்படும். அதட்டாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தாய்க்கும் சேர்த்துத்தான்.

எங்கள் மகள் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். பெற்றவர்கள் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்காமலிருங்கள். சாப்பிடக் கொடுங்கள், தூங்கவிடுங்கள். காயத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மருமகனை அடிக்க ஆள் திரட்டிக்கொண்டு மலை ஏறாதீர்கள். அந்தக் கோபம் எனக்கும் புரிகிறது, ஆனால் அடுத்த நாள் வழக்கு உங்கள் மகன் மீது வந்து நிற்கும், அதைக் காட்டி இந்த வழக்கை வாபஸ் வாங்க வைப்பார்கள்.

அவள் திரும்பிப் போக நினைத்தாலும் கதவைச் சாத்தாதீர்கள். 'இப்போது போனால் இனி இந்த வாசலை மிதிக்காதே' என்ற ஒரு சொல்லால் அடுத்த முறை வர இடமின்றி அங்கேயே கிடந்த பெண்கள் இருக்கிறார்கள். பதிலாக, ஆதார், ரேஷன் அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மாத்திரைச் சீட்டு, ஒரு மாற்றுச் சாவி, கொஞ்சம் ரொக்கம் இவற்றை ஒரு பையில் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். போனில் அவள் ஏதாவது ஒரு குறிப்புச் சொல்லைச் சொன்னால் உடனே 112ஐ அழைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் நாங்கள். தலையிட்டால் வம்பாகிவிடாதா?

நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ கிடையாது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதி தருகிறது. யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லலாம். ஜீப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டே வந்தால், அவளிடம் தனியாக 181 என்ற எண்ணை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

குடித்தால் மட்டும்தான் அடிக்கிறார். குடிக்காதபோது தங்கமான மனிதர்.

குடித்துவிட்டு அவர் சூப்பர்வைசரை அடிப்பதில்லை, ஜீப் டிரைவரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து உங்களை மட்டும் அடிக்கிறார் என்றால் காரணம் குடி மட்டுமல்ல. குடிநோய்க்குச் சிகிச்சை இருக்கிறது, கேரளத்தில் விமுக்தி திட்டத்தின் கீழும் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும். அழைத்துப் போங்கள். அவர் குணமாகும்வரை நீங்கள் அடி வாங்கிக் காத்திருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஊர்ப் பெரியவர்களும் சங்கத்துக்காரர்களும் பேசி முடித்துவைக்கிறேன் என்கிறார்கள்.

பேசட்டும், ஆனால் மனுவை நிறுத்திவைத்துவிட்டுப் பேச வேண்டாம். சட்டப்படி நடக்கும் ஆலோசனையில் 'அவள் இப்படிச் செய்ததால்தான் அடித்தேன்' என்று நியாயம் சொல்ல அவருக்கு இடமில்லை, விதியே அதைத் தடுக்கிறது. இனி அடிக்கமாட்டேன் என்ற உறுதியை வாங்குவதுதான் ஆலோசனையின் வேலை. ஊர்ப் பேச்சில் இது தலைகீழாகி, பெண்ணிடமே மன்னிப்புக் கடிதம் வாங்கிவிடுகிறார்கள். எந்த வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்?

ஒன்றும் ஆகாது. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணென்றால் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல். உத்தமபாளையத்திலும் பீருமேட்டிலும் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள்.

உத்தரவு வாங்க எத்தனை நாள் ஆகும்? வாங்கியும் மிரட்ட வந்தால்?

மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் இழுக்கிறது, மறைப்பதற்கில்லை. அதனால்தான் முதல் நாளே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கேட்கச் சொல்கிறேன். ஆபத்து தெரிந்தால் எதிராளி வராமலேயே மாஜிஸ்திரேட் அதைத் தரலாம். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடமுடியாத குற்றம், போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம். உத்தரவின் நகல் இலவசம். ஒன்றைக் கையில் வையுங்கள், ஒன்றை வேலை பார்க்கும் எஸ்டேட் ஆபீசில் கொடுங்கள், எல்லைக்கு இரண்டு பக்கத்து ஸ்டேஷனிலும் கொடுத்து வையுங்கள்.

வழக்கு நடக்கும்போதே 'திருந்திவிட்டேன், வா' என்று கூப்பிடுகிறார். போகலாமா? போனால் எல்லாம் முதலிலிருந்தா?

போவதும் போகாததும் உங்கள் விருப்பம். அதற்காக யாரும் உங்களைக் குறைவாகப் பேசக் கூடாது. ஆனால் போவதற்காக மனுவை வாபஸ் வாங்கத் தேவையில்லை. பாதுகாப்பு உத்தரவு, நீங்களே ரத்து செய்யக் கேட்கும்வரை உயிரோடு இருக்கும் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அவரோடு ஒரே வீட்டில் இருக்கும்போதும் அது செல்லும். வக்கீலிடமும் பாதுகாப்பு அலுவலரிடமும் போகும் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள். உத்தரவின் ஒரு நகலும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். மறுபடி கை ஓங்கினால் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். அந்த உத்தரவு எண்ணைச் சொல்லி 112ஐ அழையுங்கள்.